ஆறாம் முறை மடித்த வாய்

அறைக்குள் இருந்தவர்கள், துப்பாக்கி கிளப்புச் செயலாளர் வைரவசுந்தரம், நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே நீள அகலம் எடுப்பவர், அவருக்கு இடப்பக்கம் வெங்காய மண்டி பெருமாள்சாமி, அவர் மகள் சுடர்க்கொடி, இடது கையில் முழங்கை வரைக்கும் கட்டு, சுவரோரம் ஸ்டூலில் நான், மேசை நடுவில் வாய் விரிந்த ஒரு சிவப்புக் கூடு, அதையும் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும், எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள், வெளியே வராந்தாவில் அருளாயி கூட்டிக்கொண்டிருக்கிறாள், விளக்குமாறு சிமெண்டில் இழுபடும் சத்தம் கேட்கிறது, அவளை உள்ளே கூப்பிடவில்லை, அவளைப் பற்றித்தான் பேச்சு.

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உடம்பை நாங்கள் கூடு என்போம், அடியில் பித்தளைக் குப்பி, அதில் செருகிய விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே மருந்து, மருந்துக்கு மேல் தக்கை, தக்கைக்கு மேல் ஈய ரவை, எல்லாம் உள்ளே போனதும் குழாயின் வாயை எட்டு மடிப்பாக மடித்து அழுத்தினால் தோட்டா, சுட்டதும் எட்டும் விரிந்து கொட்டாவி விட்டபடி வெளியே விழுந்தால் மறுபடி கூடு, அதைப் பொறுக்கி வந்து திரும்ப நிரப்புவதுதான் இந்த அறையின் வேலை, நாலு வருஷமாக என் வேலை, அதற்கான உரிமம் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, யாரையும் சுடுவதற்கு அல்ல, சிறுமலை அடிவாரத்துச் செம்மண் மைதானத்தில் எந்திரம் வீசுகிற களிமண் தட்டுகளைச் சுடுவதற்கு, போட்டிக்குப் புதுத் தோட்டா, பயிற்சிக்கு நான் நிரப்பியது. ஒரு கூடு எத்தனை தடவை தாங்கும், அதுதான் கேள்வி, இன்றைக்கும் அதுதான், ஆனால் செயலாளர் அதைக் கேட்கவில்லை, ஏம்மா, அந்தப் பொம்பள கூட்டயெல்லாம் புளி போட்டு வெளக்குனது ஒனக்குத் தெரியாதுதானே, என்றார், தெரியாது என்று சொல் என்பதைக் கேள்வியாக மடித்து வைத்திருந்தார். அவர் முன்னால் ஒரு தாள், துப்புரவுப் பணியாளர் அருளாயி யாருடைய அனுமதியும் இன்றி என்று தொடங்குகிறது, கீழே என் கையெழுத்துக்கு இடம், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும், ஒன் வேல ஒனக்கு, உரிமத்துக்கும் ஒண்ணும் வராது, என்றார், அருளாயிக்கு என்று கேட்டேன், அவளுக்கென்ன, வேற எடத்துல கூட்டுவா, கூட்டுறதுக்கா ஊர்ல எடமில்ல, என்றார் பெருமாள்சாமி, அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கூட்டைப் பார்த்துச் சொன்னார்.

செயலாளர் தள்ளிய பேனா உருண்டு என் பக்கம் வருகிறது, நான் அதைப் பிடிக்கவில்லை, விரல்கள் தானாக அசைகின்றன, உருண்டு வருகிற எதையும் பிடித்துவிடப் பழகிய விரல்கள், வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் கதிர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அறுந்த நுனியைப் பிடித்து ஒட்டிய விரல்கள், அங்கே விரல் யோசிக்கக் கூடாது, யோசித்தால் தோல் போகும், இரவுப் பணி, பஞ்சு மூக்கில், பஞ்சு இமையில், பஞ்சு சோற்றில், ஒரு மாதத்தின் நடுவில் ஒரு வாரத்தின் நடுவில் விட்டுவிட்டு வந்தேன், சண்டை இல்லை, நோய் இல்லை, ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் தூக்கம் வந்தது என்றேன், சிரித்தார்கள், உண்மையைத்தான் சொன்னேன், படிப்பையும் அப்படித்தான் பாதியில் விட்டேன், கல்யாணத்தையும், பாதியில் விடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, விடாமல் வைத்திருப்பது இந்த அறை ஒன்றைத்தான். வேலை கேட்டு வந்த அன்று இதே செயலாளர் ஒரு கூட்டை என் கையில் கொடுத்து, இத மூட முடியுமாம்மா, என்று கேட்டார், வாய் மடிக்கிற எந்திரத்தைக் காட்டவில்லை, நான் கையாலேயே எட்டு மடிப்பையும் மடித்து நீட்டினேன், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அளவு எடுத்தார், நாளையிலேர்ந்து வந்துரு என்றார், அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கே யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எந்திரத்தோடு வந்த புத்தகத்தில் கூடு எத்தனை தடவை தாங்கும் என்ற இடத்தில் நிலைமையைப் பொறுத்து என்று போட்டிருந்தது, நிலைமை என்றால் என்ன என்று போடவில்லை, முதல் மாதமே மூன்று புதுக் கூடுகளைத் தனியாக வைத்துக்கொண்டேன், அவை சாகிற வரைக்கும் திரும்பத் திரும்ப நிரப்புவது என்று, ஒவ்வொரு தடவையும் கிளப்புத் துப்பாக்கியில் போட்டுச் சுடச் சொல்லி, சுட்ட ஒவ்வொரு தடவையும் குழலைப் பார்க்கச் சொல்லி, விழுந்ததை எடுத்து வந்து மேசை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்க்கிறேன், முதல் தடவை வாய் விறைப்பாக இருக்கிறது, கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரி, மடித்தால் முரண்டு பிடிக்கிறது, இரண்டாம் தடவை சொன்ன பேச்சுக் கேட்கிறது, மூன்றில் எங்கே மடிய வேண்டும் என்று அதற்கே தெரிகிறது, அதுதான் அதன் நல்ல வயசு, நான்கில் மடிப்புக் கோடுகள் வெளுக்கின்றன, ஐந்தில் கோட்டின் முனையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும், ஆறில் வாய் மூடினாற்போல் இருக்கும், மூடியிருக்காது, தக்கையை இறுக்கிப் பிடிக்காது, மருந்து முழுசாக வேகாது, வெடிக்க வேண்டியது இருமும், அந்த இருமல் ரவையை முன்னால் துப்பிவிட்டுத் தக்கையைக் குழலுக்குள்ளேயே விட்டுவிடும், அடைத்த குழலில் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல்தான் வெடிக்கும். அந்த மூன்றில் ஒன்று ஒன்பது வரை தாங்கியது, ஒன்று ஏழு, ஒன்று ஆறிலேயே பக்கவாட்டில் கிழிந்தது, அதனால் ஐந்து என்று வைத்தேன், செத்த பிறகு தூக்கிப் போடுவது அல்ல, சாவதற்கு ஒன்று முன்னால் தூக்கிப் போடுவது, இது புத்தகத்தில் இல்லை, நான் வைத்தது, நாலு வருஷம் ஒரு இருமல் கேட்கவில்லை.

எத்தனையாவது தடவை என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாது, முந்நூறு கூடுகள், ஆகவே ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் அடிப் பித்தளையில் ஒரு சிவப்புப் புள்ளி, நகப்பூச்சால், அந்தப் பூச்சு அருளாயி எனக்கு வாங்கிக்கொண்டு வந்தது, அவள் ஊர் மாதா கோயில் திருவிழாக் கடையில், அக்கா ஒங்க நகம் பஞ்சாரத்துக் கோழி நகமாட்டம் இருக்கு, இதப் போடுங்க, என்று கொடுத்தாள், நான் எடுத்துத் தோட்டாவில் புள்ளி வைத்ததைப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு, நான் அக்காவுக்கு வாங்கியாந்தா அக்கா தோட்டாவுக்குப் பொட்டு வைக்கிறாக, என்று மைதானம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாள், ஐந்து பொட்டு விழுந்த கூட்டைத் தரையில் போட்டு மிதிப்பேன், அப்போதும் ஏதாவது சொல்வாள், வயசான மாட்டக்கூட இப்பிடி மிதிக்க மாட்டாக, என்பாள், எதற்கு அந்தப் புள்ளி என்று அவள் கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை, அவளுக்குப் பொட்டு, எனக்குப் புள்ளி.

மாநில சங்கத்தின் தலைவர் வந்து பார்க்கப் போகிறார் என்றதும் செயலாளர் ஊரையே அளந்து சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார், அருளாயியைக் கூப்பிட்டு, பித்தளைன்னு இருக்கிறது எல்லாம் மின்னணும், மூஞ்சி தெரியணும், என்றார், அவர் நினைத்தது அலமாரிக் கோப்பைகளை, வாசல் பெயர்ப் பலகையை, நான் அந்த இரண்டு நாள் இங்கே இல்லை, அண்ணன் மகள் சடங்குக்கு வத்தலகுண்டு போயிருந்தேன், திரும்பி வந்து அறையைத் திறந்தால் மூங்கில் தட்டுகளில் முந்நூறு கூடும் தலைகீழாக நிற்கின்றன, முந்நூறு மஞ்சள் வட்டங்கள், ஒன்றில்கூடப் புள்ளி இல்லை, புளியில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரில் செங்கல் பொடி தொட்டுத் தேய்த்து, அலசி, இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் வடகம் காய வைக்கிற மாதிரி சாக்கில் பரப்பிக் காய வைத்திருக்கிறாள், அவள் கதவோரம் நிற்கிறாள், கைவிரல் எல்லாம் புளி தின்று வெளுத்துப் போயிருக்கிறது, பாருங்கக்கா, கோயில் மெழுகுதிரித் தண்டு கணக்கா மின்னுது, செயலாளர் ஐயா வாயத் தெறக்கட்டும் இப்ப, என்றாள், நான் அவளைத் திட்டவில்லை, நல்லாத்தான் இருக்கு என்றேன், அப்படியே சொன்னேன், என் வாயால்.

அன்றைக்கே முந்நூறையும் மிதித்திருக்க வேண்டும், எனக்குத் தெரியும், இப்போது அல்ல, அப்போதே தெரியும், ஆனால் சுடர்க்கொடிக்கு மாநில அணித் தேர்வுக்கு மூன்று வாரம், தினமும் அவள் சுட வேண்டும், புதுக் கூடு கைவசம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு என் விரல் இருந்தது, வாயைத் தொட்டால் வயசு சொல்லும் விரல், நாலு வருஷம் புள்ளியைப் பார்க்காமலே சொல்லிப் பிறகு புள்ளியைப் பார்த்துச் சரி என்று எத்தனை தடவை எனக்கு நானே மெச்சிக்கொண்டிருக்கிறேன், உட்கார்ந்தேன், ஒவ்வொன்றாக வாயில் விரல் விட்டுச் சுற்றினேன், இது இரண்டு, இது நான்கு, இது மூன்று, மதியத்துக்குள் நாற்பது கூடுகளை வேண்டாம் என்று ஒதுக்கியாயிற்று, பெருமையாகத்தான் இருந்தது, வெயில் பிளாஸ்டிக்கை விறைக்கச் செய்யும் என்பதை மட்டும் விரல் கணக்கில் சேர்க்கவில்லை, இரண்டு நாள் வெயில் குடித்த கிழட்டு வாய் கஞ்சி போட்ட காலராக நின்றது, விரல் அதை இளசு என்றது, நான் நம்பினேன், யாரும் என்னை ஏமாற்றவில்லை. அன்று சாப்பிட்டபின் ஸ்டூலிலேயே கண் அசந்தேன், தட்டுகளில் இருந்த கூடுகள் எல்லாம் வாயைத் திறந்து ஒவ்வொன்றாகத் தன் எண்ணைச் சொல்கின்றன, மூன்று, இரண்டு, நான்கு, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி, நான் தலையாட்டிக்கொண்டே போகிறேன், ஒன்று மட்டும் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறது, நான் அதற்கும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன், விழித்தேன், எந்திரத்தின் கைப்பிடியை இழுத்தேன், கனவுக்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மலையில் பனி விலகவில்லை, சுடர்க்கொடி கோட்டில் நிற்கிறாள், கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கி, அவளுக்குப் பின்னால் பெருமாள்சாமி, அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், நான் நிரப்பியதை யாராவது சுடும்போது அங்கே உட்கார்வது என் வழக்கம், கண் தட்டில் இருக்காது, காது சத்தத்தில் இருக்கும், அவள் புல் என்கிறாள், தட்டை வீசு என்பதற்கு இங்கிலீஷ் சொல், தட்டு பறக்கிறது, தூளாகிறது, பத்து, பதினைந்து, இருபது, இங்கே ஒரு வழக்கம் உண்டு, இருபது தட்டு தப்பாமல் விழுந்தால் அதற்கு மேல் பின்னால் நிற்கிறவர்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது, இருமக் கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும், ஓட்டம் கலைந்துவிடும் என்பார்கள், யார் வைத்த சட்டமோ தெரியாது, எழுதி மாட்டியிருக்கிற சட்டங்களை மீறுகிறவர்கள்கூட அதை மீறுவதில்லை, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்றாவது தட்டுக்குக் கீழ்க் குழலில் சுட்டாள், டொப் என்றது, வெடி அல்ல, தண்ணீர்க் குடத்தில் கல் விழுந்த சத்தம், தட்டு பறந்துகொண்டே இருக்கிறது, அவள் கை நிற்கவில்லை, மேல் குழலில் அடுத்ததைச் சுட்டாள், அது சரியாக வெடித்தது, தட்டு தூளானது, இரண்டாவது சத்தம் முதல் சத்தத்தை மூடிவிட்டது, இரண்டாவது குண்டில் விழுந்தாலும் கணக்கில் அது விழுந்ததுதான், ஓட்டம் தொடர்கிறது.

நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன், இருமல் கேட்டால் துப்பாக்கியைத் திறந்து குழல் வழியாக வானத்தைப் பார்க்க வேண்டும், வானம் வட்டமாகத் தெரிந்தால் மேலே சுடலாம், தெரியாவிட்டால் உள்ளே தக்கை நிற்கிறது, இதைச் சொல்ல எனக்கு மூச்சு உள்ளே வந்துவிட்டது, பெருமாள்சாமி நாற்காலி நகர்ந்த சத்தத்துக்குத் திரும்பினார், உதட்டில் விரலை வைத்தார், கோபமாக அல்ல, கெஞ்சலாக, நான் உட்கார்ந்தேன், அவள் துப்பாக்கியைத் திறக்கிறாள், இரண்டு கூடுகளும் புல்லில் விழுகின்றன, சட்டைப் பையிலிருந்து இரண்டு எடுக்கிறாள், ஒன்று கீழே, ஒன்று மேலே, மூடுகிறாள், தோளில் ஏற்றுகிறாள், அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று செயலாளரைக் கேட்டால் அளந்து சொல்வார், எனக்குத் தெரிந்த அளவு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இன்னொரு தடவையும் அதையே சொல்லப் போதுமான நேரம், எத்தனையோ தடவை அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் நேரம் போதுமானதாகத்தான் இருக்கிறது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, அப்படி நினைக்கவில்லை, காற்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன், என் கூடு இருமாது, புல் என்றாள்.

குழல் அவள் இடது கை பிடித்திருந்த இடத்துக்குச் சற்று முன்னால் பிளந்தது, நடுவிரலும் மோதிர விரலும், மருத்துவமனையில் தைத்தார்கள், ஒன்று மடங்கும், இன்னொன்றுக்கு ஆறு மாதம் பார்க்க வேண்டும் என்றார்கள், அன்றைக்கு எல்லோரும் காரை நோக்கி ஓடியபோது நான் புல்லில் குனிந்து இருபத்து மூன்றாவது தட்டின் கூட்டைத் தேடி எடுத்தேன், என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னார்கள், சொல்லட்டும், கார் ஓட்ட ஆள் இருந்தது, அதை எடுக்க என்னைத் தவிர ஆள் இல்லை, அதைத்தான் இன்றைக்கு வந்ததும் மேசை நடுவில் வைத்தேன், கேட்காமலே.

என்னம்மா, பேனாவையே பாத்துக்கிட்டிருக்க, என்கிறார் செயலாளர், வராந்தாவில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றிருக்கிறது, அருளாயி குடத்தை எடுக்கும் சத்தம், தண்ணீர் தெளிக்கிறாள், நான் சொன்னேன், அவ வெளக்குனது எனக்குத் தெரியும், வந்த அன்னைக்கே தெரியும், நல்லாருக்குன்னு நாந்தான் சொன்னேன், செயலாளர் தாளை நேராக்கினார், அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது, அவ எதுக்கு அதத் தொடணும், நான் அலமாரிக் கப்பத்தான வெளக்கச் சொன்னேன், என்றார், நீங்க பித்தளைன்னு இருக்கிறது எல்லாம்னீங்க, அவளுக்கு எல்லாப் பித்தளையும் பித்தளதான், என்றேன், பெருமாள்சாமி சிரிக்கிற மாதிரி மூக்கால் காற்று விட்டார், புள்ளி போயிருச்சுன்னா அப்பறம் எத வச்சு நெரப்புன, என்றார், வெரல வச்சு, என்றேன். வெரல வச்சு, என்று அவர் திருப்பிச் சொன்னார், என் மகளுக்கு வெரலே போச்சு, இவளுக்கு வெரல்லயே எல்லாம் தெரியுமாம், எங்க, இப்பச் சொல்லச் சொல்லுங்க, இது எத்தனாவது தடவைன்னு சொல்லட்டும் பாப்போம், கூட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

கண்ணை மூடத் தேவையில்லை, வாயில் விரலை விட்டுச் சுற்றினேன், சுட்டதும் வெயில் விறைப்பு எல்லாம் போயிருந்தது, மிச்சம் இருந்தது அதன் சொந்த வாய், ஈர வெற்றிலை மாதிரி துவண்டு, எட்டுக் கோட்டிலும் ஓட்டை, இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருந்தன, ஆறு, என்றேன், இதுல சந்தேகம் இல்ல, அஞ்சோட மிதிச்சிருக்கணும், மிதிக்காம நெரப்புனது நான், வெயில்ல காஞ்சது வெரல ஏமாத்தும்னு எனக்குத் தோணியிருக்கணும், தோணல, அதக்கூட விட்ருங்க, அன்னைக்கு அது டொப்புன்னது எனக்குக் கேட்டுச்சு, அந்த எடத்துல என்னத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது, கேட்டு நான் ஒக்காந்திருந்தேன், இது அருளாயி தப்பு இல்ல, அவ தேச்சதோட அவ வேல முடிஞ்சிருச்சு. பெருமாள்சாமி இருமினார், நான் அவரைப் பார்க்கவில்லை, உதட்டில் வைத்த அந்த விரலை நான் மேசைக்குக் கொண்டுவரவில்லை, அது அவருடையது, வேண்டுமென்றால் அவரே எடுத்து வைக்கட்டும்.

இல்லக்கா, என்றாள் சுடர்க்கொடி, ஒங்களுக்கு மட்டும் கேக்கல, எனக்குத் தோள்லயே தெரிஞ்சுச்சு, எப்பவும் இடிக்கிற மாதிரி இடிக்கல, தட்டுன மாதிரி இருந்துச்சு, தெறந்து பாக்கணும்னு தெரியும், பாத்தா நின்னுரும்னு பாக்கல, இருபத்தி மூணு ஆயிருந்துச்சு. பாப்பா, நீ பேசாத, என்றார் பெருமாள்சாமி, நீங்கதான்ப்பா பேசாதன்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கீங்க, என்றாள் அவள், குரல் உயரவே இல்லை, அவர் மகளின் கட்டைப் பார்த்தார், பிறகு என்னை, நாற்காலியில் பாதி எழுந்த என்னை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது, அவர் விரல் வாய்க்குப் பக்கத்தில் வந்து மீசையைத் தொட்டுவிட்டுக் கீழே போனது, சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன், சொல்லவில்லை, ஆனால் செயலாளருக்கு முன்னால் இருந்த தாளை அவர் கை நீட்டி எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அந்தக் கூட்டுற பொம்பளய விட்ருங்க, என்றார், அவருக்கு அவ்வளவுதான் முடியும், நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

அப்ப யார் பேரத்தான் எழுதுறது, என்றார் செயலாளர், உரிமத்துக்குப் பதில் சொல்லணும், யாராவது ஒருத்தர் பேரு வேணும்ல, என் பேர எழுதுங்க, என்றேன், எழுதுனா நீ இந்த ரூம்புக்குள்ள வர முடியாதும்மா, தெரியும்ல, என்றார், அதில் மிரட்டல் இல்லை, உண்மையிலேயே நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று சரிபார்க்கிறார், தெரியும், என்றேன், இன்னொரு பேனாவை அவரே தேடி எடுத்தார், வெள்ளைத் தாளில் கையால் எழுதினார், அவர் எழுத்து வரைபடத்தில் எழுதுகிற எழுத்து, என் பெயர் அவ்வளவு நேராக எங்கேயும் எழுதப்பட்டதில்லை, நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், ஐந்து தடவைக்கு மேல் எந்தக் கூட்டையும் நிரப்பக் கூடாது, கணக்குப் புள்ளி அழிந்தால் அந்தக் கூட்டை மிதித்துவிட வேண்டும், அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட வேண்டும் என்று, இதெல்லாம் எதுக்கும்மா இதுல, என்றார், எழுதுங்க, இதுக்குத்தான் கையெழுத்துப் போடுறேன், என்றேன், எழுதினார், வாசித்துப் பார்த்தேன், போட்டேன். மில்லை விட்டபோது நடுவில் விட்டேன், இதை நடுவில் விடவில்லை, முடிந்த இடத்தில் நிறுத்துகிறேன், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, அது எனக்குத் தெரிந்தால் போதும்.

எல்லோரும் போனார்கள், சுடர்க்கொடி போகிறபோது வலது கையால் என் தோளைத் தொட்டு, மறுபடி சுடுவேங்க்கா, என்றாள், குழலப் பாத்துட்டுச் சுடு, என்றேன், பாத்துட்டுத்தான், என்றாள், கார் போகும் சத்தம் செம்மண்ணில் கரகரத்து அடங்கியது, அறையில் இப்போது இருப்பவர்கள், நான், அவ்வளவுதான், தட்டுகளில் மிச்சம் இருந்த கூடுகளை எண்ணவில்லை, தொடவில்லை, உரிமம் கொடுத்த அதிகாரி வந்து பார்ப்பதற்காக அப்படியே விட்டேன், எந்திரத்தின் கைப்பிடியைத் துணியால் மூடினேன், விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன், பத்து மணி வெயில் வராந்தாவில் பாதி தூரம் வந்திருக்கிறது, அருளாயி கையைச் சேலையில் துடைத்தபடி வருகிறாள், அறையைப் பூட்டுவது எப்போதும் அவள் வேலை, சாவி அவள் இடுப்பில், என்னக்கா, இம்புட்டு நேரம் என்ன சொன்னாக, என்று கேட்டாள், இனிமே கப்ப மட்டும் வெளக்கச் சொன்னாக, என்றேன், அவள் நின்று யோசித்தாள், ஏன், மத்தது நல்லா மின்னலையா, நல்லா மின்னுச்சு, அதான், என்றேன், அவளுக்குப் புரியவில்லை, புரிகிற நாள் வரும், அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், அவளே தாங்கிக்கொள்வாள். நாளைக்கு நேரத்தோட வருவீகளா, நாஞ் சாணி தெளிச்சு வைக்கணும், என்றாள், வரமாட்டேன் அருளாயி, என்றேன், நாளன்னைக்கு, என்றாள், வரமாட்டேன், என்றேன், சேலை முந்தியைப் பிடித்தபடி அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, சரி, என்றாள், நான் படி இறங்கினேன், வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை நெருடிக்கொண்டே வந்தது, எதையோ மடிக்கிற மாதிரி, அதை நிறுத்தச் சொல்லவில்லை, அது என்னோடுதான் வருகிறது, எனக்குப் பின்னால் அவள் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்துகிறாள், தாழ்ப்பாள் ஏறுகிறது, திண்டுக்கல் பூட்டு, சாவி இரண்டு சுற்று, பூட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறாள், இன்னொரு தடவையும்.